பெயரில்லாத நால்வர்

தாதர் மேற்கையும் கிழக்கையும் இணைக்கும் திலக் பாலத்தின் ஏற்றத்தில் ஒரு மாலை நின்றுகொண்டிருந்தேன். துணிப்பொதிகளை மலையெனக் குவித்த கைவண்டியொன்று மேலேறிக்கொண்டிருந்தது. முன்னால் ஒருவர் கட்டையைப் பற்றி இழுக்கிறார்; பின்னால் மூவர் தள்ளுகின்றனர். அம்மூவருள் ஒருவர் கையால் தள்ளவில்லை. முதுகை வண்டிக்குக் கொடுத்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, பின்னோக்கி உந்துகிறார். பாலத்தின் உச்சிக்குச் சற்று முன்னர் வண்டி நின்றுவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. பத்து நொடி இருக்கலாம். அந்தப் பத்து நொடியில் நால்வர் உடம்பிலும் யாதோர் அசைவும் இல்லை. ஆயினும் நால்வரும் தம் ஆற்றல் முழுவதையும் செலவிட்டுக்கொண்டிருந்தனர். பிறகு ஒரு குரல் எழுந்தது, வண்டி நகர்ந்தது.

உடன் வந்த நண்பர், "வண்டி ஏறுவதில் என்ன வேடிக்கை? ரயிலுக்கு நேரமாயிற்று, வா" என்று கையைப் பிடித்து இழுத்தார். எனக்கோ சென்னைக் கடற்கரை நினைவுக்கு வந்துவிட்டது. மெரினாவின் வடபுறத்தே, பல்கலைக்கழகக் கட்டிடங்களுக்கு அருகில் நிற்கும் உழைப்பாளர் சிலையைக் காணாத தமிழ் மாணவர் நம்மிடையே மிகச் சிலரே இருப்பர். பெரும்பாறையொன்றை நெம்பிப் பெயர்க்க முயலும் நான்கு ஆடவர், இடையில் சிறு துணி, வேறொன்றும் இல்லை. சிறுவயதில் அச்சிலையைப் பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே நான் அறிந்திருந்தேன். அதைச் செய்தவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே எழுந்ததில்லை. திலக் பாலத்தில் கண்ட காட்சிக்குப் பின்னரே அவரைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். படித்தவற்றுள் நம் மாணவர்க்குப் பயன்படும் சிலவற்றை இங்கே எழுதுகின்றேன்.

அவர் பெயர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்தவர். 1899ஆம் ஆண்டு, இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்பூரை அடுத்த தாஜ்ஹாட்டில் பிறந்தார். ஓவியத்தை அவனீந்திரநாத் தாகூரிடமும் சிற்பத்தை ஹிரண்மய் ராய் சௌத்ரியிடமும் பயின்றார். 1929இல் சென்னைக் கலைப் பள்ளியின் தலைமையை ஏற்றார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. இந்தியர் ஒருவர் அதற்குத் தலைவரானது அதுவே முதன்முறை. 1957 வரை, ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள், அங்கே இருந்தார். 1954இல் லலித் கலா அகாதெமி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவரே. 1958இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1975இல் மறைந்தார்.

இவையெல்லாம் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்கும். அவரை அறிய எனக்கு உதவிய செய்தி வேறொன்று: அவர் மல்யுத்தம் பயின்றவர். வேட்டையாடியவர், புல்லாங்குழல் வாசித்தவர், வங்காளியில் சிறுகதைகள் எழுதியவர். ஆயினும் மல்யுத்தமே இங்கு முக்கியம். எதிரியின் பாரம் தன் தோளில் எங்கே இறங்குகிறது, காலை எங்கே ஊன்றினால் விழாமல் நிற்கலாம் என்பதை உடம்பால் அறிந்தவர் அவர். புத்தகத்தில் தசைகளின் பெயரைப் படித்தவன் செய்யும் சிலைக்கும், பிடியில் சிக்கி மூச்சுத் திணறியவன் செய்யும் சிலைக்கும் வேறுபாடு உண்டு.

அதை விளக்கவேண்டுமானால், உருவச் சிலை என்பதை நாம் எவ்வாறு பார்க்கிறோம் என்பதை முதலில் எண்ணவேண்டும். நம் தாதரிலேயே சிவாஜி பூங்காவில் குதிரைமேல் சிவாஜி மன்னர் இருக்கின்றார். தாடி, தலைப்பாகை, குதிரை ஆகிய மூன்றும் போதும், குழந்தையும் பெயர் சொல்லிவிடும். அண்ணல் அம்பேத்கரின் சிலை என்றால் கண்ணாடியும் கையில் நூலும். காந்தியடிகள் என்றால் கைத்தடி. இவ்வாறு அடையாளங்களைக் கண்டு பெயரைச் சொல்லியவுடன் நம் கண் ஓய்ந்துவிடுகிறது. பிறகு மாலை போடுவதற்கன்றி நாம் அச்சிலையை அணுகுவதில்லை. உழைப்பாளர் சிலையில் இருப்போர்க்குப் பெயரும் இல்லை, அடையாளமும் இல்லை. உடம்பு ஒன்றே உள்ளது. ஆகவே அதைப் பார்ப்பதற்கு உடம்பைப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை.

ஓவியம், சிற்பம் கற்போர்க்குத் தொடக்கத்தில் சொல்லித்தரும் பாடம் ஒன்றுண்டு. ஒரு மனிதன் ஒற்றைக் காலில் பாரத்தை வைத்து நிற்கும்போது, அவன் கழுத்துக் குழியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது பாரம் தாங்கும் காலின் கணுக்காலருகே வந்து நிற்கும். அவ்வாறு நில்லாவிடில் உருவம் விழுவது போலத் தோன்றும். இப்பாடத்தை உள்ளத்தில் வைத்துக்கொண்டு உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். நால்வர் உடம்பும் பாறையை நோக்கிச் சரிந்திருக்கிறது. தூக்குக்குண்டு அவர்கள் பாதத்துக்கு வெளியே விழும். பாறையை எடுத்துவிட்டால் அத்தனை பேரும் குப்புற விழுந்துவிடுவர்! அவர்களை நிறுத்தி வைத்திருப்பது அவர்கள் எதிர்த்துப் போராடும் பாறையே. பாலத்தின் மேல் கைவண்டியில் முதுகைச் சாய்த்திருந்தவரும் இப்படித்தான் நின்றார். வண்டி திடீரென நகர்ந்திருந்தால் மல்லாந்து விழுந்திருப்பார்.

இத்தகைய நிலையைக் கல்லில் செய்வது எளிதன்று. கல் நசுக்கலைத் தாங்கும். வளைவையும் இழுப்பையும் தாங்காது. சாய்ந்த உடம்பின் பாரமெல்லாம் ஒரு மெல்லிய கணுக்காலில் வந்து சேர்ந்தால் கல் அங்கே முறியும். மேனாட்டுப் பளிங்குச் சிலைகளில் காலருகே ஒரு மரக்கட்டை நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்; அழகுக்காக வைத்ததன்று, முட்டுக்கொடுக்க வைத்தது. நம் மாமல்லபுரத்துச் சிற்பியர் உருவத்தைப் பாறையிலிருந்து முற்றிலும் பிரிக்காமல் புடைப்பாகவே விட்டதிலும் இந்த அறிவு கலந்திருக்கிறது. வெண்கலமோ இழுப்பைத் தாங்கும். உள்ளே குடைவாகவும் வார்க்கலாம். அதனாலேயே ஓடுகின்ற, தள்ளுகின்ற, விழுகின்ற மனிதனைச் செய்ய விரும்புவோர் வெண்கலத்தை நாடுகின்றனர்.

வெண்கலச் சிலை எனினும் சிற்பி உலோகத்தைத் தொடுவதற்கு முன் நெடுநாள் களிமண்ணோடு போராடுகிறான். முதலில் இரும்புக் கம்பிகளால் எலும்புக்கூடு போன்ற ஒரு சட்டம். அதன்மேல் களிமண்ணை உருண்டை உருண்டையாக அப்பி உடம்பை வளர்க்கவேண்டும். கல் சிற்பி வேண்டாததைக் கழிக்கிறான். இவன் வேண்டியதைக் கூட்டுகிறான். இரவில் ஈரத்துணி போர்த்தாவிட்டால் காலையில் வெடிப்பு விட்டிருக்கும். உருவம் முடிந்தபின் பிளாஸ்டரால் அச்செடுத்து, அதிலிருந்து பிளாஸ்டர் உருவம் எடுத்து, அதற்கு மீண்டும் அச்சுச் செய்து, அச்சின் உட்புறம் மெழுகை மெல்லிய தோல்போலப் பூசி, நடுவே மண் கருவை நிரப்பிச் சூளையில் வைப்பர். மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த வெற்றிடத்தில் உருகிய வெண்கலம் பாயும். சுவாமிமலை ஸ்தபதிகளின் முறையும் மெழுகு முறையே. ஆனால் அவர்கள் மெழுகிலேயே நேரே உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணால் மூடி, பெரும்பாலும் கனமாக, உட்குடைவின்றி வார்க்கின்றனர். வார்த்தபின் உளியால் நகாசு செய்து மெருகேற்றுவர். ராய் சௌத்ரி போன்றோரின் வார்ப்பிலோ களிமண்ணில் பதிந்த கட்டைவிரலின் தடம்கூட வெண்கலத்தில் வந்துவிடும். அவர் அத்தடங்களை அழிக்கவில்லை; மேனியை வழவழப்பாக்கவும் இல்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோதானிடமிருந்து அவர் பெற்ற பாடம் இது என்பர். மேடுபள்ளமான மேனியில் வெளிச்சம் சிதறி விழுவதால், அசையாத உடம்பு நடுங்குவது போலத் தோன்றுகிறது.

விநாயக சதுர்த்திக்கு முன் தாதர்க் கடைகளில் பேண் ஊரிலிருந்து வரும் பிள்ளையார்கள் வரிசையாக அமர்ந்திருப்பதைக் காண்கிறோமல்லவா? அங்கே பிளாஸ்டர் உருவத்தை அச்சிலிருந்து கழற்றும் வேலையை ஒருமுறை பார்த்துவிட்டால், மேலே நான் எழுதியதில் பாதி தானே விளங்கிவிடும். ஏட்டில் படிப்பதைவிட அது நன்று.

இனி, நம்மைப் போன்ற மாணவர்கள் அறிந்தே ஆகவேண்டிய அவரது மற்றொரு படைப்பைச் சொல்கிறேன். 1942 ஆகஸ்டு 11. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் பம்பாயின் கோவாலியா குளத்து மைதானத்தில் முழங்கி மூன்றே நாள் ஆகியிருந்தது. பாட்னாவில் அரசுத் தலைமைச் செயலகத்தின் மீது தேசியக் கொடியை ஏற்றுவதற்காக மாணவர் கூட்டமொன்று சென்றது. துப்பாக்கிச் சூட்டில் எழுவர் மாண்டனர். பெரும்பாலோர் பள்ளி மாணவர். கல்லூரியை எட்டியவர் மிகச் சிலர். நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டு 15 அன்றே அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப அடிக்கல் நாட்டப்பட்டது. உருவங்களைச் செய்யும் பொறுப்பு ராய் சௌத்ரியிடம் வந்தது. வார்ப்பு வேலை இத்தாலியில் நடந்தது. 1956 அக்டோபரில் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அதனைத் திறந்து வைத்தார்.

எழுவரும் ஆளுயர உருவங்கள். முன்னால் செல்பவன் கையில் கொடி. பின்னால் ஒருவன் சாய்கிறான், ஒருவன் விழுந்துவிட்டான், விழாதவன் முன்னே போகிறான். ஏழு தனிச் சிலைகளை வரிசையாக நிறுத்திப் பெயர் பொறித்துவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் ஏழு உடம்பையும் ஒரே அசைவாகக் கோத்ததனால், நின்று பார்ப்பவனின் கண் விழுந்தவனிடம் தொடங்கிக் கொடியில் போய் முடிகிறது. என் சொந்தக் கருத்து, அவர் படைப்புகளுள் இதுவே தலையாயது. உழைப்பாளர் சிலை நம் ஊரில் இருப்பதால் அதை உயர்த்திப் பேசும் ஆசை எனக்கும் உண்டு. எனினும் உள்ளதைச் சொல்லவேண்டும்.

பாட்னாவுக்குப் பின் சென்னை. 1959 சனவரி 25 அன்று, குடியரசு நாளுக்கு முதல்நாள், உழைப்பாளர் சிலை மெரினாவில் நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் செய்த காந்தி சிலையும் அதே கடற்கரையில் எழுந்தது. 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முறையாக மே தினத்தைக் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையில்தான் என்பதை நினைத்தால், இச்சிலை தக்க இடத்தில்தான் நிற்கிறது. சிலைக்கு மாதிரியாக நின்றோருள் ஒருவர் கலைப் பள்ளியின் இரவுக் காவற்காரர் என்று சென்னைச் செய்தித்தாள்கள் எழுதியிருக்கின்றன. பகலில் உறங்கவேண்டியவர், மணிக்கணக்கில் இல்லாத பாறையைத் தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறார். அதுவும் உழைப்புத்தான்.

இப்பொழுது என் ஐயங்களையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். திலக் பாலத்தில் நான் கண்ட நால்வரும் மெலிந்தவர்கள். விலா எலும்பை எண்ணலாம். மெரினாவின் நால்வரோ மல்லர்களைப் போலத் திரண்ட தோளினர். கூலிவேலை செய்து அரைவயிறு உண்பவனுக்கு இத்தகைய மார்பும் தொடையும் எங்கிருந்து வரும்? முதலில் இது சிற்பியின் அறியாமை என்று எண்ணினேன். பின்னர், பசியால் வாடியோரை அவர் 1952இல் வெண்கலத்தில் செய்திருப்பதை அறிந்தேன். 1943இன் பஞ்சத்தைக் கண்ட வங்காளத்தவர் அவர். ஒட்டிய வயிற்றைச் செய்யத் தெரியாதவர் அல்லர். ஆகவே மெரினாவில் அவர் தெரிந்தேதான் தசையைக் கூட்டியிருக்கிறார். உழைப்பவனைச் செய்யவில்லை, உழைப்பைச் செய்தார் என்று நான் கொள்கிறேன். ஆனால் இந்த விடை என்னை முழுவதும் நிறைவு செய்யவில்லை. மெலிந்த உடம்பு அதே பாறையைத் தள்ளுவது இன்னும் வியப்பன்றோ?

மற்றொன்று: நால்வருள் பெண் ஒருத்தியும் இல்லை. சென்னையிலும் சரி, மும்பையிலும் சரி, கட்டிட வேலையில் கல்லும் மண்ணும் சுமப்போருள் பாதிப்பேர் பெண்கள் என்பதைக் கண்ணால் காண்கிறோம். சாந்திநிகேதனத்தில் ராம்கிங்கர் பைஜ் 1938இல் செய்த 'சந்தால் குடும்பம்' இங்கே நினைவுக்கு வருகிறது. வெண்கலத்துக்குப் பணம் இல்லை. சிமெண்டையும் சரளைக் கல்லையும் கலந்து செய்தார். ஆணும் பெண்ணும் குழந்தைகளும் ஒரு நாயும் தட்டுமுட்டுச் சாமான்களோடு வேலை தேடி நடக்கின்றனர். உழைப்பாளரின் வாழ்வு முழுவதும் அதில் இருக்கிறது. ராய் சௌத்ரியின் சிலையில் இருப்பது அவ்வாழ்வின் ஒரே ஒரு நொடி. எது உயர்ந்தது என்று தீர்ப்புக் கூற நான் முற்படவில்லை. இரண்டையும் பார்த்தவனுக்கே ஒவ்வொன்றின் எல்லையும் தெரியும்.

அவரிடம் பயின்ற தமிழர் தனபாலைப் பற்றியும் கூறாமல் விட முடியாது. 1919இல் மயிலாப்பூரில் பிறந்தவர். ஓவியம் கற்கச் சேர்ந்து சிற்பியானவர். அதே கல்லூரியில் ஆசிரியராகி, 1972 முதல் 1977 வரை முதல்வராகவும் இருந்தார். பெரியார், திரு.வி.க. ஆகியோரின் தலைச்சிலைகளைச் செய்தார். ஆசிரியரிடம் உடம்பின் இலக்கணத்தைக் கற்ற அவர், பிறகு அந்த இலக்கணத்தையே தளர்த்தலானார். அவருடைய அவ்வையாரில் தசையும் நரம்பும் அடங்கிவிடுகின்றன. முதுமையும் அமைதியும் கொண்ட ஒரு வடிவம் மட்டும் நிற்கிறது. குரு கூட்டிய தசையைச் சீடர் கரைத்தார் எனலாம். அதற்காகக் குருவின் பெருமை குறைந்துவிடவில்லை. தனபாலின் வாழ்க்கை வரலாறு தமிழிலேயே 'ஒரு சிற்பியின் சுயசரிதை' என்று நூலாக வந்திருக்கிறது. நம் நண்பர்கள் தேடிப் படிக்கவேண்டும்.

ராய் சௌத்ரியின் இறுதிப் பெரும்படைப்பு தண்டி யாத்திரை. காந்தியடிகள் முன்னே செல்ல, பத்துப்பேர் பின்தொடரும் பதினோர் உருவங்கள். டில்லியில் சர்தார் பட்டேல் சாலையில் நிற்கின்றன. அவர் மறைந்தபின்னரே அவை நிறுவப்பட்டன. டில்லிக்குப் போகாதவர்களும் அதைக் கண்டிருக்கிறார்கள்: 2016 நவம்பரில் செல்லாதென்று அறிவிக்கப்பட்ட பழைய 500 ரூபாய்த் தாளின் பின்புறம் அச்சிட்டிருந்தது அக்காட்சியே. இத்தனை கோடி மக்கள் கையில் புழங்கிய இந்தியச் சிற்பம் வேறெது? ஆயினும் அதைச் செய்தவர் பெயரை நம் விடுதியில் பதின்மரைக் கேட்டேன், ஒருவரும் சொல்லவில்லை. அவர்களைக் குறைகூற எனக்கு வாயில்லை. பாலத்தில் அந்த வண்டியைப் பார்க்கும் வரையில் நானும் அறியேன்.

உழைப்பாளர் சிலைக்கு ஆங்கிலத்தில் 'உழைப்பின் வெற்றி' என்னும் பொருள்பட ஒரு பெயர் உண்டு. அப்பெயரைக் கேட்டபின் நான் சிலையின் படங்களை மீண்டும் பார்த்தேன். பாறை இன்னும் நகரவில்லை. நகர்ந்த பின்னர் உள்ள களிப்பைச் சிற்பி செய்யவில்லை. வெற்றி என்று பெயரிட்டுவிட்டு, வெற்றிக்கு முந்திய நொடியைச் செய்து வைத்திருக்கிறார். பெயர் அவர் விருப்பமோ பிறர் விருப்பமோ, சிலை மட்டும் பொய் சொல்லவில்லை.

விடுமுறைக்குச் சென்னை செல்லும் நண்பர்கள் ஒரு காலை ஆறரை, ஏழு மணிக்கு அங்கே செல்லவேண்டும். மாலையில் கூட்டமும் ஊர்திகளும் மிகுதி. வெயிலும் நகரத்தின் பக்கமிருந்து வரும். காலையிலோ கடலிலிருந்து எழும் வெயில் கிழக்கே இருந்து நேராக விழும். சாலையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பாமல் ஒருமுறை முழுவதும் சுற்றி வாருங்கள். முகங்களை விட்டுவிட்டு முதுகுகளைப் பாருங்கள், பிறகு கெண்டைக்கால், பிறகு விரல்கள் தரையைக் கவ்வும் இடம்.